விருந்தாளிப் பட்டன்

1. சும்மா வந்த டிவி

மதுரையில் ஒரு லாட்ஜின் மாடி ஹாலில்தான் அந்தப் பெட்டியை முதன்முதலாகப் பார்த்தேன். இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ இருக்கும். கொடைக்கானலில் டிவி மெக்கானிக்காக அதற்குள் எனக்குப் பெயர் வந்திருந்தது. பிக்சர் டியூப் மங்கிய செட்டைத் தேற்றிக் கொடுப்பேன், டிஷ் கட்டுவேன், மழைக்காலத்தில் டிஷ்ஷின் மூக்கில் இருக்கிற எல்.என்.பி.க்குள் தண்ணீர் இறங்கிவிட்டால் வழுக்குகிற கூரையில் ஏறுவேன். இந்தத் தொழிலில் இனி நம்மை அசத்துகிற மாதிரி எதுவும் வராது என்று மிதப்பாக இருந்த ஆள். அன்றைக்கு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு விளம்பரக் கம்பெனி. பெயரை விட்டுவிடுகிறேன், இப்போது அது இல்லை. மலை மேல் இருக்கிற வீடுகளுக்குக் கலர் டிவியும் டிஷ்ஷும் சும்மா கொடுக்கிறார்கள். பதிலுக்கு, செட்டைப் போட்டதும் முதலில் விளம்பரம் ஓடும். நடுநடுவேயும் ஓடும். ஓடும்போது சத்தத்தைக் குறைக்க முடியாது. டிவிக்கு அடியில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி, அதில் வரிசையாகப் பட்டன்கள். வீட்டில் ஓர் ஆளுக்கு ஒரு பட்டன். டிவி முன்னால் உட்கார்ந்தால் அமுக்க வேண்டும், எழுந்து போனால் மறுபடி அமுக்க வேண்டும். ஓரத்தில் இரண்டு பட்டன் விருந்தாளிக்கு. ஆண் என்றால் நீலம், பெண் என்றால் பச்சை. எத்தனை பேர் வந்தார்களோ அத்தனை தடவை அமுக்கினால் பக்கத்தில் உள்ள சின்னக் கண்ணாடியில் எண் ஏறும். யாருமே அமுக்காவிட்டால் சிவப்பு விளக்கு மினுக்கும், கொஞ்ச நேரத்தில் படம் நின்றுவிடும்.

இதெல்லாம் பெட்டிக்குள் ஒரு கார்டில் பதிவாகும். மாதம் ஒரு தடவை போய் அந்தக் கார்டை உருவிக்கொண்டு, புது விளம்பரம் ஏற்றிய கார்டைச் செருகிவிட்டு வருவது என் சோலி.

ஏரியா மேனேஜர் சுரேஷ்பாபு எங்களுக்குப் பாடம் எடுத்தார். என்னைவிட வயதில் சின்னவர், நல்ல மனுஷன், வாய் மட்டும் நிற்காது. நான் எழுந்து கேட்டேன்.

"சார், டிவியும் சும்மா, டிஷ்ஷும் சும்மா. கம்பெனிக்கு இதுல என்னங்க கெடைக்கும்?"

"அவங்கதான் கெடைக்கிறாங்க அண்ணே," என்றார். "எந்த வீட்ல யாரு, எந்நேரம், எதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க, எந்த எடத்துல எந்திரிச்சுப் போறாங்க, எல்லாம் நமக்குத் தெரிஞ்சிரும். அந்த டேட்டாவ வாங்க ஆள் க்யூவுல நிக்கிறான். டிவியெல்லாம் ஒரு செலவே இல்ல."

பிறகு விளக்கை அணைத்துவிட்டு, ஏதோ ஒரு குடும்பத்தின் சாயங்காலத்தைச் சுவரில் காட்டினார். ஓர் ஆளுக்கு ஒரு கோடு. அப்பாவின் கோடு செய்தியில் தொடங்கி நேராக ஓடியது. பிள்ளைகளின் கோடு பாட்டு வரும்போது வந்து, செய்தி வந்ததும் காணாமல் போனது. அம்மாவின் கோடு மட்டும் துண்டு துண்டாகக் கிடந்தது. "இந்தம்மா ஒரு சீரியலக்கூட முழுசாப் பாக்கல. அடுப்படிக்கும் ஹாலுக்கும் ஓடிக்கிட்டே இருக்கு பாருங்க," என்றார்.

முகம் தெரியாத ஒரு பொம்பளையின் கால்வலி சுவரில் தெரிந்தது. என் வீட்டுக்காரியை நினைத்துக்கொண்டேன். பத்து வருஷம் கூட இருந்து நான் பார்க்காததை ஒரு டிபன் பாக்ஸ் பார்த்துவிடுமா என்று மலைப்பாக இருந்தது. பஸ்ஸில் மலை ஏறும்போதும் அதே நினைப்புதான்.

2. துண்டு போர்த்திய பெட்டி

முதலில் கொடைக்கானலைச் சுற்றித்தான் மாட்டினேன். டவுன் ஆட்கள் விவரமானவர்கள். டிவியை வாங்கிக்கொண்டு பட்டனை இஷ்டத்துக்கு அமுக்கினார்கள். ஒரு வீட்டில் எல்லாப் பட்டனையும் காலையில் அமுக்கிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு பழனிக்குப் போய்விட்டார்கள். கார்டைப் பார்த்தால் குடும்பமே பச்சைத் தண்ணீர் குடிக்காமல் பகல் முழுக்க டிவி பார்த்ததாக இருந்தது.

அட்டுவம்பட்டியில் ரிட்டயர் ஆன ஒரு சார், பெட்டிக்குத் துண்டு போர்த்தி வைத்திருந்தார்.

"அது என்னையவே பாத்துக்கிட்டு இருக்குப்பா."

"அதுக்குக் கண்ணு இல்ல சார்."

"கண்ணு இல்லாததுக்கு நான் எந்திரிச்சுப் போனது எப்படித் தெரியுதுங்கிறேன்?"

"நீங்கதான சார் பட்டனை அமுக்குறீங்க."

"அதான் பயமா இருக்கு," என்றார். அன்றைக்குச் சிரித்துவிட்டு வந்தேன்.

3. பேர் போடுவது

பூம்பாறை போகிற வழியில், ரோட்டுக்குக் கீழே ஒரு வரிசை வீடுகள் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் வீடு என்று ஒட்டி ஒட்டிக் கட்டியிருந்தார்கள். சுவர் கூரையைத் தொடாது, நடுவில் கை நுழைகிற சந்து இருக்கும். இந்த வீட்டில் மிளகாய் தாளித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். அந்த வரிசைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் லயம். தோட்டத்தில் அவர்கள் இருந்த வரிசை வீடுகளுக்கு அதுதான் பெயராம்.

லயத்தில் நான் மாட்டிய முதல் டிவி யோகம் வீட்டில். யோகத்துக்கு என் வயதுதான் இருக்கும். அவள் புருஷன் சன்னாசி தைல மரம் வெட்டப் போன இடத்தில் மரம் உருண்டு, இடுப்புக்குக் கீழே ஓட்டம் இல்லாமல் கட்டிலோடு கிடந்தார். யோகம் வெள்ளனே ஜீப் ஏறி கிளாவரைப் பக்கம் காய்கறித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனால், திரும்பி வர இருட்டிவிடும். பிள்ளைகள் இல்லை.

நிபந்தனைகளை நான் எல்லா வீட்டிலும் வாய்விட்டுப் படிப்பது வழக்கம். கையெழுத்துப் போட்ட பிறகு, எனக்குத் தெரியாதே என்று யாரும் சொல்லக்கூடாது பாருங்கள். இங்கேயும் படித்தேன். "இந்த வீட்டுல யாரு யாரு, எந்நேரம், என்ன பாக்குறீங்கங்கிறது கம்பெனிக்குத் தெரிஞ்சிரும். சம்மதமா தங்கச்சி?"

யோகம் சிரித்துவிட்டாள். "அம்புட்டுத்தானாண்ணே? நாங்க லயத்துல பொறந்து லயத்துல வளந்த ஆளுக. பக்கத்து வீட்டுக் காம்பராவுல ஒருத்தரு பொரண்டு படுத்தாக்கூட இங்கன கேக்கும். எங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்னா இருக்கு?"

"அப்ப புருஷன் பொஞ்சாதிக்குள்ள சண்டைன்னா?"

"சத்தம் கூடிச்சுன்னா ஒருத்தி சட்டிய உருட்டுவா. அதக் கேட்டு அடுத்தவ கொடத்தத் தட்டுவா. செத்த நேரத்துல லயம் பூராச் சட்டிச் சத்தம். சண்டை போடுறவுகளுக்கு, நாம கதைக்கிறது வெளிய கேக்கலைன்னு ஒரு தெம்பு. அழுகுறவளும் மனசுவிட்டு அழுதுக்குவா. விடிஞ்சப்பறம் ஒருத்தரும் ஒண்ணும் கேட்டதாக் காட்டிக்க மாட்டாக."

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். கட்டிலில் இருந்து சன்னாசி, "வேலையப் பாக்க விடு யோகம்," என்றார். அவருக்குப் பெட்டியின் மேல்தான் கண். கட்டிலிலிருந்தே அமுக்குவதற்கு ஒரு மூங்கில் குச்சியைச் சீவிக் கொடுத்தேன். குச்சியால் அமுக்கிப் பார்த்து, விளக்கு எரிந்ததும், "பேரு விழுந்திருச்சு!" என்றார்.

தோட்டத்தில் வேலைக்கு வந்த ஆளைக் குறித்துக்கொள்வதைப் பேர் போடுவது என்பார்களாம். அரை நாள் வேலை என்றால் அரைப்பேர். அவ்வளவுதான், லயம் முழுக்க அந்தப் பெட்டி பேர் போடுகிற பெட்டி ஆகிவிட்டது. படத்தின் பாதியில் எழுந்தவர்கள், "எனக்கு அரைப்பேருதான்," என்று சொல்லிக்கொண்டே பட்டனை அமுக்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தீப்பெட்டி கேட்க வந்து வாசலில் நின்று ஒரு பாட்டுப் பார்த்தாலும், உள்ளே வந்து நீலப் பட்டனை அமுக்கிவிட்டுத்தான் போனார். டிவி ஓசியில் வந்தது, அதற்கு ஒழுங்காகப் பேர் போடுவதுதான் கூலி என்று அவர்களாகவே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்கள். கம்பெனிக்கு இவ்வளவு நாணயமான ஆட்கள் வேறெங்கும் கிடைத்திருக்க மாட்டார்கள்.

4. மத்தியான விருந்தாளி

மழை பிடித்த ஒரு மாதம், டிஷ் திரும்பிக்கொண்டது என்று ஓர் ஆள் வந்து சொன்னார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். யோகம் வேலைக்குப் போயிருந்தாள். கூரையில் நின்று டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் துணி போட்டு மூடிய பேசினோடு வெளியே வந்தாள். பின்பக்கம் போய்க் கழுவினாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். நான் இறங்கி வந்தபோது பூண்டு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன் உட்கார்ந்திருந்தாள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது, கண்ணாடியில் ஒன்று.

அது தவமணி. அடுத்த வீடு, புருஷன் இல்லை. வீட்டிலிருந்தபடியே பூண்டு தரம் பிரித்துக் கொடுத்துக் கூலி வாங்குகிறவள். என்னைப் பார்த்ததும் சன்னாசி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சீரியல் பாக்க வரும் அது," என்றார். பெயரைச் சொல்லவில்லை. நானும் சரிங்க என்று படத்தைச் சரிபார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

பூம்பாறை பஸ் ஸ்டாப்பில் அதற்கப்புறம் ஒருநாள் யோகத்தைப் பார்த்தேன். அவளாகவே சொன்னாள்.

"டிவி வாறதுக்கு முந்தி அவரு ஒரு ஆளையும் வீட்டுக்குள்ள விட மாட்டாரு. நான் போனதுலேருந்து வாற வரைக்கும் பச்சத்தண்ணி குடிக்காமக் கெடப்பாரு. குடிச்சா ஒண்ணுக்குப் போக பேசின் வேணுமில்ல? அடுத்தவக எடுக்கிறதான்னு வைராக்கியம். உதடு வெடிச்சுக் கெடக்கும். இப்ப தவமணி சீரியல் பாக்க வருதுன்னு ஒரு சாக்கு. அது பேசினை எடுக்கிறது எனக்குத் தெரியாதுன்னு அவரு நெனச்சுக்கிட்டு இருக்காரு. தெரியாதாவே இருக்கட்டும்ணே. அவரு தண்ணி குடிக்கிறாரு, எனக்கு அது போதும்."

"தவமணிக்குச் சீரியல் பிடிக்குமா?"

"அதுக்கு அந்தச் சீரியலக் கண்டாலே ஆகாது," என்று சிரித்தாள் யோகம்.

மலை மேல் எத்தனையோ டிவி மாட்டியிருக்கிறேன். ஒரு டிவி ஒரு மனுஷனுக்குத் தண்ணீர் கொடுக்கிறது என்பதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். பஸ் வந்ததும் தெரியாமல் நின்றிருக்கிறேன். கண்டக்டர் விசில் அடித்துத்தான் ஏற்றினார்.

5. மேனேஜரின் பாராட்டு

வந்தது வினை. அந்த லயத்துக் கார்டுகள் அத்தனை சுத்தமாக இருந்ததில் மதுரை ஆபீசுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். நேரில் வந்து பாராட்டுவதாகச் சுரேஷ்பாபு சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, லயத்துக்கு முன்னால் தார்ப்பாய் கட்டி, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, சிறந்த வீட்டுக்கு ஒரு குக்கர் பரிசு என்று அறிவித்தார். பரிசு யோகம் வீட்டுக்கு. கூட்டம் அவர்கள் வாசலில்தான். சன்னாசிக்கும் கேட்க வேண்டும் என்று கதவைத் திறந்து வைக்கச் சொன்னதும் சுரேஷ்பாபுதான்.

நல்ல எண்ணத்தில்தான் பேசினார். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

"இந்த வீட்டுல ஒரு தப்புக் கெடையாது. அய்யா எந்நேரம் டிவி போடுறாரு, அம்மா எந்நேரம் வந்து உக்கார்றாங்க, எல்லாம் சும்மா கரெக்டா இருக்கு. வர்ற விருந்தாளிகூடப் பட்டன் அமுக்குறாங்கன்னா பாத்துக்கங்களேன்!" கையைத் தட்டினார். பிறகு கதவுப் பக்கம் கொஞ்சம் குனிந்தார். "ஆனா அய்யா, ஒரு டவுட்டு. அம்மா தோட்டத்துக்குப் போயிர்றாங்க. மத்தியானம் ஆனா டாண்ணு ஒரு லேடி கெஸ்ட். ஒருநாள் தவறாம. யாருங்கய்யா அந்த ஸ்பெஷல் விருந்தாளி?"

கூட வந்த இரண்டு பையன்கள் சிரித்தார்கள். வேறு யாரும் சிரிக்கவில்லை. லயத்துப் பெண்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். தவமணி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். திறந்த கதவுக்குள்ளே, சன்னாசி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் பார்த்தேன்.

சுரேஷ்பாபுவுக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. "என்னண்ணே, மலைக்காரங்களுக்கு ஜோக்கே பிடிக்காதா?" என்று ஜீப்பில் கேட்டார். எனக்கு அப்படிக் கோபம் வந்தது. ஆனால் என்னவென்று சொல்வது? சொன்னால் இன்னும் ஒரு தடவை சொன்னதாகத்தானே ஆகும்?

மறுவாரமே யோகம் கொடைக்கானலில் என் கடைக்கு வந்துவிட்டாள். சன்னாசி தவமணியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். மறுபடி தண்ணீர் குடிப்பதில்லை. காய்ச்சல், நீர்க்கடுப்பு. யோகம் வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே இருக்கிறாள். அவளிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"பெட்டிய எடுத்துறட்டா தங்கச்சி? ஆனா பெட்டி போனா டிவியும் போயிரும்."

"டிவி போனா தவமணி வாறதுக்கு இருந்த சாக்கும் போயிருமேண்ணே," என்றாள். பிறகு சத்தமாகவே சொன்னாள். "கம்பெனிக்குத் தெரியும்னு நீங்க முன்னாடியே சொன்னீக. நாங்களும் சரின்னோம். தெரிஞ்சதுக்காக நான் சண்டைக்கு வரல. லயத்துல எல்லாருக்கும் எல்லாமும் தெரியும்ணே. அதத் திருப்பி அந்த ஆளு மூஞ்சிக்கு நேரா ஒருத்தரும் சொன்னதில்ல. இவுக சொல்லிப்புட்டாக."

அவள் போன பிறகு, மதுரை ஹாலில் சுவரில் ஓடின கோடுகள் ஞாபகம் வந்தன. அந்தப் பெட்டிக்கு எல்லாம் தெரிகிறதே என்று அப்படி மலைத்தேனே. தெரிந்துகொண்டு சும்மா இருக்க அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

6. ஒன்பது

அடுத்த கார்டு மாற்றப் போனபோது எனக்குக் காலே எழவில்லை. என்ன கோலத்தில் கிடக்கிறாரோ என்று நினைத்துக்கொண்டே ரோட்டிலிருந்து இறங்கினேன். மத்தியான நேரம். மேகம் இறங்கி லயம் பாதி மறைந்திருந்தது. உள்ளே இருந்து டிவி சத்தமும், அதைவிட அதிகமாகப் பொம்பளைகள் சத்தமும் கேட்டன.

வாசல் நிறையச் செருப்பு. உள்ளே கால் வைக்க இடமில்லை. சன்னாசியின் கட்டிலைச் சுற்றி லயத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் பூண்டு பிரிக்கிறவர்கள் மூட்டையோடு வந்திருந்தார்கள். கீழ்த் தோட்டத்தில் கேரட் பிடுங்கப் போனவர்கள் தூக்குச் சட்டியோடு மேலே ஏறி வந்து, டிவி முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் ஒருத்தி வந்தாள். சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, நேரே பெட்டியிடம் போய்ப் பச்சைப் பட்டனை அமுக்கினாள். "என் பேரையும் போட்டாச்சு," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

கண்ணாடியில் ஒன்பது. அவள் அமுக்கியும் ஒன்பதுதான். அந்தக் கண்ணாடியில் ஓர் இலக்கத்துக்குத்தான் இடம். ஒன்பதுக்கு மேல் எண்ணுவதற்கு அந்தப் பெட்டிக்கு வழியில்லை. அதற்கப்புறமும் இரண்டு பேர் வந்து அமுக்கினார்கள்.

தவமணி நடுவில் இருந்தாள். சன்னாசி தலையணையில் சாய்ந்து, சீரியலில் வருகிற மாமியாரைத் திட்டிக்கொண்டிருந்தார். கையில் தண்ணீர்ச் சொம்பு. கொஞ்ச நேரத்தில் யாரும் ஒன்றும் சொல்லாமலே எல்லாரும் டிவிப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். பேச்சுச் சத்தம் கூடியது. யாரோ ஒருத்தி எழுந்து கட்டிலுக்குப் பின்னால் போனாள். அது யார் என்று நானும் பார்க்கவில்லை. டிவியைத்தான் பார்த்தேன். என்ன ஓடியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அப்போதுதான் டிவி மாட்டிய அன்றைக்கு யோகம் சொன்ன சட்டிச் சத்தம் ஞாபகம் வந்தது. இவர்கள் யாரும் பட்டனை அமுக்காமல் ஏமாற்றவில்லை. பெட்டியை உடைக்கவில்லை, கம்பெனியோடு மல்லுக்கு நிற்கவில்லை. ஒருத்தியின் பேரை மறைப்பதற்கு லயமே வந்து பேர் போட்டுக்கொண்டிருந்தது. அத்தனையும் உண்மையான பேர். இன்ஜினியர்கள் உட்கார்ந்து செய்த அந்தப் பெட்டியைப் பார்த்து மலைத்தவன்தான் நான். ஆனால் இந்த லயத்தைப் பார்த்து அன்றைக்கு மலைத்ததுபோல் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

7. ஸ்பேனர் பை

இந்த ஒன்பது மதுரை ஆபீசை ஆட்டிவிட்டது. எந்த வீட்டிலும் இல்லாத கூட்டம், அதுவும் மத்தியானத்தில். கார்டில் கோளாறா, இல்லை யாராவது விளையாடுகிறார்களா என்று பார்க்கச் சுரேஷ்பாபுவே கிளம்பி வந்துவிட்டார். என்னையும் அழைத்துக்கொண்டு போனார். யோகம் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள், வீட்டில் இல்லை. வழக்கம்போல் வீடு நிறையப் பெண்கள். அவரைக் கண்டதும் பேச்சு நின்றுவிட்டது. ஒவ்வொருத்தியாக எழுந்து அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தவமணியும் போகப் பார்த்தாள். அதற்குள் மேனேஜர் வாசலை மறித்துக்கொண்டு நின்றுவிட்டதால் அவளால் வெளியே வர முடியவில்லை. கட்டிலில் சன்னாசி கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணே, எனக்கு ஒண்ணு மட்டும் க்ளியர் ஆகணும்," என்றார் சுரேஷ்பாபு என்னிடம். குரலைக் குறைக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. "இந்தக் கூட்டம் இப்பதான். முன்னாடி தெனமும் ஒரே ஒரு லேடிதான வந்துக்கிட்டு இருந்துச்சு. அந்த லேடி யாரு, எதுக்கு வந்துச்சு, அதக் கண்டுபிடிச்சாத்தான்…"

என் தோளில் டூல் பை தொங்கியது. ஸ்பேனர், கட்டிங் பிளேயர், டிஷ் கிளாம்ப், போல்ட் நட்டு எல்லாம் அதற்குள். அதை அப்படியே சிமெண்டுத் தரையில் போட்டேன். கை தவறியதுபோல் எல்லாம் போடவில்லை. தூக்கித்தான் போட்டேன். லயமே அதிர்கிற மாதிரி விழுந்தது. போல்ட் எல்லாம் திசைக்கு ஒன்றாக உருண்டு ஓடியது.

கடைசிப் போல்ட் சுவரில் முட்டி நின்றது.

பிறகு வலது பக்கத்து வீட்டில் ஒரு சட்டி உருண்டது. அதற்கு அடுத்த வீட்டில் குடத்தைத் தட்டுகிற சத்தம். இடது பக்கம் யாரோ உரலில் எதையோ இடித்தார்கள். வரிசையின் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது சத்தம். மலையே தட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. சுரேஷ்பாபு வாயை அசைப்பது தெரிந்தது, ஒரு சொல் கேட்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டு என்னிடம் குனிந்து கத்தினார்.

"என்னண்ணே சத்தம் இது?"

"தெரியலையே சார்!" என்று நானும் கத்தினேன். "இங்கன அப்பப்ப இப்படித்தான்!"

அந்தச் சத்தத்தில் அவரால் நிற்க முடியவில்லை. ஜீப்புக்கு நடந்தார். அவர் மேடேறி ரோட்டுக்குப் போகிற வரைக்கும் சட்டிகள் நிற்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக அடங்கின. நான் தரையில் முட்டி போட்டு போல்ட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தவமணி கதவோரம் அசையாமல் நின்றாள்.

சன்னாசி கண்ணைத் திறந்தார்.

"என்னாண்ணே விழுந்துச்சு?"

"ஸ்பேனர் பைங்க."

"நல்லா விழுந்துச்சு," என்றார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அவர் வாயில் அதுவரை வராத ஒரு பெயர் என் காதில் விழுந்தது. அவர் வாசல் பக்கம் திரும்பி, அடுத்த வீட்டுக்கும் கேட்கிற குரலில் சொன்னார். "தவமணி, அண்ணனுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடும்மா. எனக்கும் கொஞ்சம் குடு."

அந்தத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் மேடேறினேன். ஜீப்பில் சுரேஷ்பாபு நோட்டை எடுத்தார். பெட்டியில் கோளாறு என்று எழுதிக்கொண்டார். கொஞ்ச நாளில் திட்டமே நின்றுபோனது. பெட்டிகளை மட்டும் கழற்றிக்கொண்டு, செட்டுகளை மலையிறக்குகிற செலவுக்கு யோசித்து அப்படியே விட்டுவிட்டார்கள். பெட்டி இல்லாத டிவியை லயத்துக்காரர்கள் இன்னும் கொஞ்ச காலம் பார்த்தார்கள். போகிறபோதெல்லாம் யாராவது ஒருத்தர் "என் பேரு விழுந்திருச்சா?" என்று கேட்டுச் சிரிப்பது வழக்கமாகிவிட்டது.

இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். நாம் கேமரா மாட்டுகிறோம், செல்போனைத் திறக்கிறோம், அடுத்தவர் வீட்டுக்குள் நின்று வேலை பார்க்கிறோம். வேண்டாம் என்றாலும் எல்லாம் கண்ணில் படும், காதில் விழும். அதை நம்மால் தடுக்க முடியாது. பார்த்ததைத் திருப்பிச் சொல்லாமல் இருக்க முடியும். யாராவது சொல்ல வாயைத் திறந்தால், கையில் இருக்கிற பையைக் கீழே போடவும் முடியும்.